அளவு ஜாக்கெட்

ஜனவரி 12, ஞாயிறு

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். சிஸ்டர் எமெல்டாவின் உத்தரவு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து அனுப்பும்போது, இந்தப் பச்சை அட்டை டைரியைக் கையில் கொடுத்து, "மனசுல வாறத எழுதுங்கக்கா. நான் வாங்கிப் படிக்க மாட்டேன்" என்றார். இருபத்தாறு வருஷமாக நான் எழுதியதெல்லாம் ஆர்டர் நோட்டு. கை உயரம், கழுத்து இறக்கம், கொக்கி முன்னாலா பின்னாலா. அதில் மனசுக்கென்று கட்டம் போடவில்லை.

டைரி தொலைந்துபோனால் எடுத்தவருக்கு உதவும் என்று விவரம் எழுதி வைக்கிறேன். பெயர் செண்பகவல்லி. வயது ஐம்பத்திரண்டு. கோவில்பட்டியில் ‘செண்பகம் லேடீஸ் டெய்லர்’ என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். வீட்டு முன்னறைதான் கடை. வீட்டுக்காரர் வேலாயுதம், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதி வைப்பது வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. நான் குளிக்கப் போனால் ஏழு பத்து, வெளியே வந்தால் ஏழு நாற்பது என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஏன் அரை மணி நேரம் என்று மட்டும் கேட்க மாட்டார். தாமதத்துக்குக் காரணம் கேட்பது கண்டக்டர் வேலையாம்.

போன ஜூனில் எனக்கு இடது மார்பை எடுத்தார்கள். புற்றுநோய். அக்குளில் இருந்த முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், பிறகு கதிர் வைத்தியம். எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 13, திங்கள்

சிஸ்டர் கொடுத்திருக்கும் வேலைகளைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மாதிரி இருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷத்துக்கு. அரை மணி நடை. சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிக் கையைத் தூக்கும் பயிற்சி. (பல்லி என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனது.) இடது கையில் ஊசி போடக்கூடாது, பிரஷர் பார்க்கக்கூடாது. தைக்கும்போது விரலுறை போட வேண்டும். மாதம் ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போய் முகத்தைக் காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிறுதோறும் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே நாலு விரல் தள்ளி டேப் வைத்து அளந்து, போனில் அனுப்ப வேண்டும். முடிச்சுகளை எடுத்த பக்கம் கையில் நீர் தேங்கலாமாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சுலபமாக அடக்கிவிடலாமாம். ஆஸ்பத்திரியில் அவரே அளந்து எழுதிக்கொண்டார். இடது 31, வலது 31.2. டேப்பை அவர் பிடித்த அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அளப்பது எப்படி என்று யாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஜனவரி 19, ஞாயிறு

முதல் அளவை அனுப்பியாயிற்று. இடது 31.1, வலது 31.1.

டேப்பைத் தோளுக்குள் விட்டு, ஒரு கையால் இன்னொரு கையைச் சுற்றிப் பிடித்து, கண்ணாடி முன்னால் நின்று கஷ்டப்படுவதெல்லாம் தொழில் தெரியாதவர்கள் செய்வது. என் அளவு ஜாக்கெட் இருக்கிறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நானே தைத்த அரக்குக் கலர். அதை மேசையில் விரித்து, கைச்சுற்றை அளந்து, அரை இஞ்ச் லூசைக் கழித்து, சென்டிமீட்டருக்கு மாற்றி அனுப்பினேன். அஞ்சு நிமிஷ வேலை.

இந்த ஊரில் பாதிப் பெண்களின் முகம் எனக்கு ஞாபகம் இருக்காது. அளவு ஜாக்கெட்டைக் காட்டினால் பெயர், தெரு, மாமியார் குணம் எல்லாம் சொல்லுவேன். அளவு ஜாக்கெட் இருந்தால் ஆளே வேண்டாம் என்பதுதான் என் கொள்கை.

பிப்ரவரி 2, ஞாயிறு

31.1, 31.1.

கொட்டிய முடி திரும்ப முளைக்கிறது, சுருட்டை சுருட்டையாக. பிறந்ததிலிருந்து எனக்குக் கோரை முடி. மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணி கொண்டுவந்த கோமளா டீச்சர், என் தலையையே பார்த்துவிட்டு, எந்த பார்லரில் செய்தது என்று கேட்டார். திருநெல்வேலியில், இடம் கிடைப்பது ரொம்பக் கஷ்டம் என்றேன். குறித்துக்கொண்டு போனார்.

பதினான்கு ஜாக்கெட். ஏப்ரல் கடைசியில் கல்யாணம். எட்டு மாசத்துக்குப் பிறகு வந்திருக்கும் பெரிய ஆர்டர். கோமளா டீச்சர் "உங்களால முடியும்லா?" என்று கேட்டது பிடிக்கவில்லை. முடியும் என்று அவர் கேட்டு முடிக்கும் முன்னே சொன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

31.1, 31.1.

மாத்திரையால் திடீர் திடீரென்று உடம்பு தீயாகக் காய்கிறது. அடுத்த நிமிஷம் வேர்த்துக் கொட்டுகிறது. போனில் சிஸ்டரிடம் சொன்னேன். பருத்தித் துணி உடுத்துங்க, காபியைக் குறைங்க, மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. மறுபடி போட ஆரம்பித்துவிட்டேன்.

ஃபேன் முழு வேகத்தில் ஓடுவதால் வீட்டுக்காரருக்குத் தும்மல். அதனால் அவர் முன்னறையில், துணி மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறார். மாத்திரை ஆரம்பித்தது இந்த வருஷம், அவர் முன்னறைக்குப் போனது போன ஜூன் என்று யாராவது கணக்குப் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நீல ஜாக்கெட்டின் இடது கை இறுக்கிப் பிடிக்கிறது. பருத்தி சுருங்கிவிட்டது என்று வீட்டுக்காரரிடமும் சொன்னேன். உள்தையலைப் பிரித்துக் கால் இஞ்ச் விட்டேன். வலது கை சுருங்கவில்லை. ஒரே துணியில் ஒரு கையை மட்டும் சுருங்க வைப்பது மில்காரர்களின் தனித் திறமை.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று திருநெல்வேலி போக வேண்டிய நாள். போகவில்லை. கல்யாண ஆர்டர் இருக்கும்போது எங்கே போவது? சிஸ்டர் போன் செய்தார். அளவுதான் வாரா வாரம் அனுப்புகிறேனே என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

சந்தனக் கலர் ஜாக்கெட். இடது கை. இது சோப்பின் கோளாறு என்றேன் வீட்டுக்காரரிடம். அரை இஞ்ச் விட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

31.1, 31.1. இடது கை வளையல்களைச் சோப்புப் போட்டுக் கழற்றி வைத்தேன். தைக்கும்போது சத்தம் தொந்தரவாக இருக்கிறது. இத்தனை வருஷம் இல்லாத தொந்தரவு.

மார்ச் 16, ஞாயிறு

31.1, 31.1.

சிஸ்டரிடமிருந்து பதில் வந்தது. ஒன்பது வாரமாக ஒரு புள்ளிகூட மாறவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, கும்பிடும் படம் ஒன்றை அனுப்பினேன்.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடியும் நீல ஜாக்கெட். பிரிக்க உள்ளே துணி இல்லை. இடது கையின் அடியில் வேறு துணியில் ஒட்டுப் போட்டேன். யாராவது கேட்டால் இப்போது இதுதான் ஃபேஷன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு காபி கொடுத்தேன். வீட்டுக்காரர் ஒட்டையே பார்த்தார். துணி சுருங்கிவிட்டது என்றேன். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து என்னமோ எழுதினார். ஏதோ வண்டி ஞாபகம் வந்திருக்கும்.

இடது கை மாலையானால் கனக்கிறது. மழை மூட்டத்தினால். (மழை இல்லை.)

மார்ச் 27, வியாழன்

இந்த மாதமும் திருநெல்வேலி போகவில்லை. எட்டு ஜாக்கெட் முடிந்தது. ஆறு பாக்கி.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அழகாக எழுத வராது.

காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார். நெல்லை வண்டி பத்து நாற்பதுக்கு வந்துவிட்டதாம், நம் வீட்டுக்கு ஓர் ஆள் வருகிறதாம். போனை வைத்துவிட்டார். பதினொன்றுக்கு வாசலில் சிஸ்டர் எமெல்டா நிற்கிறார். வெள்ளைச் சீருடை இல்லாமல் மஞ்சள் சேலையில் பார்த்ததும் ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. மதுரையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழியாம். ஒரு ஜாக்கெட் தைக்க வேண்டுமாம்.

துணியையும் அளவு ஜாக்கெட்டையும் மேசையில் வைத்தார். அளவு ஜாக்கெட்டை விரித்தேன். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிஸ்டருக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும், நல்ல பூரிப்பான உடம்பு. அந்த ஜாக்கெட் ஒரு முருங்கைக்காய்க்குத் தைத்தது.

"சிஸ்டர், இது யாரு ஜாக்கெட்டு?"

"எனக்குள்ளதுதான். நர்சிங் படிக்கையில தச்சது. நல்லா அளவா இருக்கும்."

"இருந்திருக்கும். அன்னைக்கு. இத வச்சுத் தச்சா உங்களுக்கு முழங்கை தாண்டாது. இப்ப இருக்க ஆளத்தான அளக்கணும்?"

சிஸ்டர் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். "அப்ப நீங்க எனக்கு வாரா வாரம் அனுப்புதிய பாருங்க, முப்பத்தொண்ணு புள்ளி ஒண்ணு. அது யாரு கைக்கா?"

கொடியில் தொங்கிய அரக்கு ஜாக்கெட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். மனுசக் கை காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு இருக்கும், இடதும் வலதும் ஒன்றாக இருக்காது, அச்சடித்த மாதிரி ஒரே எண் வந்தபோதே சந்தேகம் என்று சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

கதவைச் சாத்திவிட்டு, கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். வலது 31.2. இடது 34.3. மூன்று சென்டிமீட்டர். கோமளா டீச்சர் ஜாக்கெட்டில் அவ்வளவு பிசகினால் நான் கடையைச் சாத்திவிடுவேன். சிஸ்டர் என் கையில் விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது. எழ நேரம் பிடித்தது.

இந்த டைரியில் நான் எங்கேயும் எழுதாத கேள்வியை அப்போது கேட்டேன்.

"திரும்ப வந்துட்டா சிஸ்டர்?"

"பாக்காமலே வரலன்னு சொன்னேன்னா நான் பொய் சொல்லுதேன்" என்றார். "முடிச்சு எடுத்த கையில நீர் கட்டுதது நெறயப் பேருக்கு உண்டு. அதாத்தான் இருக்கும்னு நெனைக்கேன். ஆனா டாக்டர் பாத்துச் சொல்லணும். செவ்வாக்கிழமை வாங்க. நான் கூட நிக்கேன்."

மிஷினை விடச் சொல்லுவார்களா என்று கேட்டேன். அதைக் கேட்கும்போதுதான் குரல் உடைந்தது. மிஷின் இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியாது. சிஸ்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், என் வீட்டில், என் டம்ளரில். மிஷினை யாரும் பிடுங்கப் போவதில்லை, ஆனால் இன்னும் ரெண்டு மாசம் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தால் கையே அதை விட்டுவிடும் என்றார்.

ஒட்டு விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். போனில் ஒரு படத்தைக் காட்டினார். வீட்டுக்காரர் அனுப்பியிருந்தது, அவருடைய சின்ன நோட்டின் பக்கம். கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதியிருந்தது.

பிப். 18. நீலம். இடது கை. கால் இஞ்ச். காரணம்: துணி சுருங்கியது (அவள் சொன்னது).
மார்ச் 4. சந்தனம். இடது கை. அரை இஞ்ச். காரணம்: சோப்பு (அவள் சொன்னது).
மார்ச் 23. நீலம். இடது கை. ஒட்டு. காரணம்: துணி சுருங்கியது (அவள் சொன்னது). முகம் சரியில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

திருநெல்வேலி. டாக்டர் கழுத்து, அக்குள், மார்பு எல்லாம் தடவிப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு மணி நேரம். வீட்டுக்காரர் வெளியே சுவர்க் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம் பிந்தி ஓடுகிறதாம்.

சிஸ்டர் சொன்னபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பயப்படாதீங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பேசணும்போல இருந்தால் பேசுங்கள் என்றார். நான் அங்கே போகிற வருகிறவர்களின் ஜாக்கெட் முதுகுகளைப் பற்றிப் பேசினேன். ஒன்றுகூட நேராக இல்லை. பன்னிரண்டு முதுகுகள் வரை பேசினேன். பிறகு செத்துப்போக எனக்கு இஷ்டமில்லை என்று சொன்னேன். சிஸ்டர் என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, தெரியும் என்றார்.

திரும்ப வரவில்லை. நீர்தான்.

அழுதேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், முதுகு நேராக இல்லாத அத்தனை பேர் முன்னாலும் அழுதேன்.

ஏப்ரல் 9, புதன்

மாத்திரை போட்டேன். நடந்தேன். வளையல் சத்தத்தைப் பற்றி நான் எழுதியது பொய்.

ஏப்ரல் 11, வெள்ளி

திருநெல்வேலியில் கைக்குத் துணிக்கட்டு போட்டிருக்கிறார்கள். நீரை மெதுவாக மேலே தள்ளித் தடவிவிடும் முறையையும் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். கட்டு முடிந்ததும் போட ஓர் இறுக்கமான கையுறை, தோள் வரைக்கும். அதன் தையலைப் பார்த்து நொந்துபோனேன். ஆனால் அதைப் பிரித்துத் தைக்கக்கூடாதாம், இறுக்கம்தான் மருந்தாம். நான் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னாலேயே அதைச் சொன்னார். என்னைப் படித்துவைத்திருக்கிறார்.

தைக்கலாம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கையைத் தூக்கிப் பயிற்சி செய்ய வேண்டும். கோமளா டீச்சரின் ஆறு ஜாக்கெட்டுக்கும் தடையில்லை. டீச்சரிடம் நானே போன் செய்து, என்ன வியாதி, கை எப்படி இருக்கிறது, இரண்டு நாள் பிந்தலாம் என்று உள்ளபடி சொன்னேன். அப்படியானால் பார்லர் விலாசம் வேண்டாம் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒரு விஷயத்தில்தான் சிஸ்டரோடு சண்டை. ஞாயிறு அளவை இனி வேறு ஓர் ஆள்தான் எடுக்க வேண்டுமாம். ஒற்றைக் கையால் தன் கையை யாராலும் சரியாக அளக்க முடியாதாம். அது எனக்குத் தெரியாதா? கோமளா டீச்சரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"வீட்டுல ஆளு இருக்காருல்லா?"

"அவருக்கு டேப்புப் பிடிக்கத் தெரியாது."

"நிமிசக் கணக்கு பாக்கவருக்குப் புள்ளிக் கணக்கு தெரியாதா?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, மெதுவாகக் கேட்டார். "ஆப்பரேசனுக்குப் பொறவு அவருக்குக் காட்டவே இல்லையாக்கா?"

நான் டேப்பைச் சுருட்டினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை டிபன் முடிந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். சிஸ்டர் சொல்லியிருக்கிறார், கையை அளக்க வேண்டும் என்றேன். கை கழுவிவிட்டு வந்தார். பிறகு ஏனோ இன்னொரு தடவை கழுவிவிட்டு வந்தார்.

முன்னறைக் கதவைச் சாத்தினேன். கட்டை அவிழ்த்தேன். ஜாக்கெட்டையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் டேப் சரியாக உட்காராது. இருபத்தாறு வருஷமாக எத்தனையோ பெண்களிடம், கூச்சப்படாதீங்க, நேரா நில்லுங்க என்று சொல்லியிருக்கிறேன். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இடது கையை மட்டும் வெளியே நீட்டினேன்.

சிஸ்டர் சொன்ன இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார். டேப்பைச் சுற்றினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாரே, அதே குரலில், "நூத்திப் பதினாறு புள்ளி நாலு" என்றார்.

டேப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். நூற்றைம்பதிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. யானைக் காலுக்குக்கூட அவ்வளவு வராது, அந்த அளவுக்குக் கை வைத்து ஜாக்கெட் தைத்தால் பந்தல் போடலாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்ததில் சேலை நழுவியதை நான் கவனிக்கவில்லை.

கவனித்தபோது அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலையை எடுக்கக் கையை நீட்டினேன்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல. எப்பவோ ஆறிட்டு."

"எப்ப ஆறுச்சு?"

"ஆகஸ்டுல."

அவர் தரையைப் பார்த்தார். கணக்குப் போடுகிற மாதிரி உதடு அசைந்தது.

"நான் வலிக்கும்னு நெனச்சுல்லா செண்பகம் தள்ளிப் படுத்தேன்" என்றார். "தூக்கத்துல கை பட்டுருமோன்னு. நீ கூப்பிடுவன்னு பாத்தேன். நீ கூப்பிடல."

பத்து மாசம். அவருக்கு என் மேல் அருவருப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் அரை மணி நேரம் ஒளிந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். இந்த மனுசன் தாமதத்துக்குக் காரணம் கேட்காமல் துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்தார். நானும் கேட்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்து யாராவது நன்றாகத் திட்ட வேண்டும்.

சேலையை அப்படியே விட்டுவிட்டு, டேப்பின் சரியான முனையை அவர் கையில் கொடுத்தேன்.

இடது 33.6. வலது 31.2. அளந்தவர்: வேலாயுதம். சரிபார்க்க வேண்டும் என்று மூன்று தடவை அளந்தார். ஒரு தடவை போதும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.